நான்கெல்லைக்குட்பட்டது

பழைய காணி உறுதி ஒன்றை விரித்து வாசித்தவர்களுக்கு அதன் நடை மறக்காது. வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய காணி, தெற்கே இன்னார் தன் மகளுக்குச் சீதனமாக எழுதிய காணி, மேற்கே கோயிற் காணி, இந்த நான்கெல்லைக்குட்பட்ட நிலமும் அதிலுள்ள கிணறும் வான்பயிர் செய்பயிரும் என்று நொத்தாரிசு மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டு போவார். ஒருவருடைய வளவு எது என்பதை நம் முன்னோர் அயலில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டுதான் சொன்னார்கள்.

2016ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் ஒரு பெரியவரோடு அவருடைய வளவைத் தேடிப் போனேன். 1990-இல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டு வழியே வடக்குக்கு நடந்து, மன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவர். இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டுப் போர் முடிந்த பிறகு விமானத்தில் திரும்பியவர். திரும்பிய பிறகும் நான்கு ஆண்டுகள் கட்டைபறிச்சானில் உறவினர் வளவில் ஒரு தகரக் கொட்டிலில் காத்திருந்தார். அவருடைய காணி அப்போது தடைசெய்யப்பட்ட பிரதேசத்துக்குள் இருந்தது.

அன்று அவர் கையில் பொலித்தீன் பையில் சுற்றிய உறுதியின் பிரதி இருந்தது. மகள் கூட வந்தாள், முகாமில் பிறந்தவள். கண்ணுக்கெட்டிய மட்டும் நாயுண்ணிப் பற்றை. வீடுகள் இடிந்து கிடக்கவில்லை. இடித்து வழித்துத் தள்ளப்பட்டிருந்தன. இடிந்த வீடென்றால் சுவராவது நிற்கும், இன்ன வீடு என்று சொல்லலாம். வழித்த நிலத்தில் அதுவும் இல்லை. பெரியவர் பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். "வடக்கால ஒழுங்கை எண்டு கிடக்கு. ஒழுங்கையைக் காணேல்ல. கிழக்கால இருந்தவர் கனடாவில. தெற்கால அண்ணன் குடும்பம், அவையள் இன்னும் முகாமில. மேற்கால இருந்தவை எங்க போச்சினம் எண்டே தெரியாது. நான் ஆரைக் கேட்டு எல்லை போடுறது, தம்பி?"

கடைசியில் கிணறுதான் காட்டிக்கொடுத்தது. மண்ணும் கல்லும் போட்டுத் தூர்த்திருந்தார்கள். கட்டு மட்டும் ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. பெரியவர் குந்தியிருந்து பாசியைக் கையால் சுரண்டினார். சீமெந்து ஈரமாயிருந்தபோது விரலால் எழுதிய ஆண்டு வெளியே வந்தது: 1979. அவர் தகப்பன் எழுதியது. மகள் எட்டிப் பார்த்து, "இதுவாப்பா நம்ம வீடு?" என்றாள். அவள் சொன்ன 'நம்ம' தமிழ்நாட்டு 'நம்ம'. அவர் "ஓம் பிள்ளை, எங்கட வளவு" என்றார்.

அந்த நாளிலிருந்து ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. அகதி திரும்புவதை அரசுகளும் உதவி நிறுவனங்களும் ஒருவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதாகவே நினைக்கின்றன. விமானச் சீட்டு, சிறு மானியம், ஒரு பதிவு, அதோடு கோப்பு மூடப்படுகிறது. ஆனால் காணி தனி ஆளை அறியாது, ஊரைத்தான் அறியும். நான்கு எல்லையிலும் அயலவர் வந்து இருந்தால்தான் நடுவில் இருப்பவர் வந்து சேர்ந்ததாகும்.

திருகோணமலையில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று இதைப் பாடப்புத்தகம் முதல் படைத் தளபதிகளின் குறிப்பு வரை எல்லாமே சொல்கின்றன. அந்தப் பெருமைக்குக் கரையில் இருந்தவர்கள் கொடுத்த விலையைச் சொல்லும் புத்தகங்கள் குறைவு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தக் குடாவுக்காகவே வந்தார்கள். 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இதற்காகத்தான். ஆங்கிலேயர் 1930களில் சீனக்குடாக் காட்டுக்குள் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. 1957-இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டு அவர்கள் போனார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1987 ஜூலை 29-இல் கைச்சாத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலும் துறைமுகமும் அந்தத் தாங்கிகளும் இடம்பெற்றன. இத்தனை வரைபடங்களிலும் குடாவின் ஆழம் பாகம் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். கரையிலுள்ள கிணறுகள் எந்த வரைபடத்திலும் இல்லை.

இந்த மண்ணில் முதலில் இடம்பெயர்ந்தவர் கோணேசர் எனப்படும் கோணநாதரே என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். 1622-இல் போர்த்துக்கேயர் சுவாமி மலைக் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். தெய்வ உருவங்கள் சிலவற்றைப் பக்தர்கள் மறைத்து எடுத்துக்கொண்டு போனதாகவும், தம்பலகாமத்து வயல்வெளிக்கு நடுவே இருக்கும் ஆதி கோணநாயகர் கோயில் அப்படி உருவானதாகவும் வழிவழிக் கதை. 1950-இல் நகருக்குள் கிணறு வெட்டும்போது மண்ணுக்கடியிலிருந்து திருவுருவங்கள் கிடைத்தன. 1963-இல் மலையில் மறுபடி குடமுழுக்கு நடந்தது. 341 ஆண்டுகள். திரும்பி வந்த இடமும் பழைய இடமாக இல்லை. இன்றும் கோணேசரைக் காணப் போகிறவர் பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து படைமுகாமைக் கடந்துதான் மலையேற வேண்டும்.

ஆனால் தம்பலகாமத்துக் கோயில் மூடப்படவில்லை. அங்கும் பூசை நடக்கிறது, இங்கும் நடக்கிறது. இரண்டில் எது உமக்கு ஊர், ஒன்றைச் சொல்லும் என்று கோணநாதரை யாரும் கேட்டதில்லை. முகாமில் பிறந்து அங்கேயே கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்களிடம் மட்டும் இந்தக் கேள்வியை இரண்டு நாடுகளும் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

சம்பூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கிய இன்னொரு பிரிவும் உண்டு. 1659-இல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் சேதமான 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காக இந்தக் குடாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் மூதூர்ப் பக்கத்தில் கப்பலின் தலைவரையும் அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் இன்னும் சில மாலுமிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1679-இல், காட்டு வழியே தப்பி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1680-இல் லண்டன் திரும்பினார். மறு ஆண்டு அவர் எழுதிய இலங்கை வரலாறு ஐரோப்பாவெங்கும் பரவியது.

நொக்ஸைப் பற்றிப் பேசும்போது அவர் பட்ட பாட்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் திரும்பிய நகரம்தான் நினைவுக்கு வரும். அவர் இல்லாத காலத்தில் லண்டனைக் கொள்ளைநோய் தாக்கியது. 1666-இல் நகரின் நடுப்பகுதி எரிந்து தீர்ந்தது. அவர் திரும்பியபோது அது புதிதாய் எழுந்துகொண்டிருந்தது. மாறிய ஊர்தான், ஆனால் அதைத் திரும்பக் கட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எந்தத் தெரு எங்கே இருந்தது என்று சொல்ல ஆள் இருந்தார்கள். உறவினர்களும் இருந்தார்கள். சம்பூருக்குத் திரும்பியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊரில் தங்கி நின்றவர் ஒருவருமில்லை. எல்லோருமே திரும்புகிறவர்கள். வழி கேட்க யாருமில்லாத ஊருக்குத் திரும்புவது எப்படி இருக்கும் என்பதை அந்தப் பெரியவரின் முகத்தில் பார்த்தேன்.

அவர் புறப்பட்ட காலத்துக்கு வருவோம். 1983 ஜூலைக் கலவரத்தில் திருகோணமலை நகரில் கடற்படையினரே வெளியே இறங்கி வீடுகளையும் கடைகளையும் கோயில்களையும் எரித்தார்கள். அந்த மாதத்தில் தொடங்கிய ஓட்டம் 1987 வரை நிற்கவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,34,000 பேர் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார்கள். ஒப்பந்தம் வந்ததும் ஒரு பகுதியினர் நம்பித் திரும்பினார்கள். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. கொட்டியாரப்பற்று, தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி என்று மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் பிள்ளைகளை இடுப்பிலும் பானை சட்டியைத் தலையிலும் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தது. முல்லைத்தீவுக் காடு, வன்னி, பிறகு மன்னார்க் கரை. வள்ளக்காரர்கள் பலர் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வெயிலில் கிடந்து, மீனவரோ கடற்படையோ கண்டால் கரை.

கரையேறியதும் முதலில் கண்ட இடம் மண்டபம் முகாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை அனுப்பிய காலத்தில், கப்பலேற முன் தடுத்துவைத்து நோய் பார்க்க ஆங்கிலேயர் கட்டிய முகாம் அது. ஒரு காலத்தில் பிழைப்புத் தேடி இலங்கைக்குப் போனவர்களைத் தங்கவைத்த கொட்டகைகள், பிறகொரு காலத்தில் உயிர் தப்பி வந்தவர்களைத் தங்கவைத்தன. போனவர்களின் பேரப்பிள்ளைகளும் தப்பி வந்த கூட்டத்தில் இருந்தார்கள். மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வடகிழக்கில் குடியேறி, அங்கிருந்தும் துரத்தப்பட்ட குடும்பங்கள் அவை.

முகாம் வாழ்க்கையைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. பத்துக்குப் பத்து அறை, மாத உதவித்தொகை, பெயர் கூப்பிட்டு ஆள் பார்க்கும் நாளில் வெளியூர் வேலையை விட்டு ஓடிவருவது, பொலிஸின் கியூ பிரிவுக் கண்காணிப்பு. ஆண்கள் பலர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனார்கள். எங்கள் பெரியவரும் அதே வேலைதான். மதுரையில் எத்தனையோ வீடுகளுக்குச் சுண்ணாம்பும் வர்ணமும் பூசியதாகச் சொன்னார். அந்த ஆண்டுகளை அவர் குறை சொல்லிப் பேசவில்லை. "பிள்ளையளைப் படிக்க விட்டவை. அது போதும்" என்றார். 2021-இல் தமிழ்நாட்டு அரசு அகதி முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்று ஆக்கியது. 7,469 புதிய வீடுகள் கட்டுவதாகவும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனாலும் 2019-இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கே பட்டம் பெற்ற பிள்ளையையும் சட்டம் நெடுங்காலம் அனுமதியின்றி வந்தவராகவே பார்த்தது. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கு மேற்பட்டோர் இன்னும் இருக்கிறார்கள்.

திரும்பும் முயற்சி 2009-க்குப் பின் தொடங்கியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் தமிழ்நாட்டில் நிலைமை மாறியது. 1992 ஜனவரியிலிருந்து கப்பல்களில் ஆட்களை ஏற்றித் திருகோணமலைக்கும் தலைமன்னாருக்கும் அனுப்பினார்கள். விரும்பிப் போனவர்களும் உண்டு, போகச் சொன்னதால் போனவர்களும் உண்டு. 1995 வரை ஏறத்தாழ 54,000 பேர் திரும்பினார்கள். துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலருக்கு ஊர் போக வழியில்லை. நகரை அண்டிய முகாம்களிலேயே தங்கினார்கள். ஒரு முகாமை விட்டு இன்னொரு முகாமுக்கு வந்ததுதான் மிச்சம். பிறகு 1995 ஏப்ரல் 19-இல் இதே துறைமுகத்துக்குள் நின்ற இரண்டு கடற்படைப் படகுகள் தகர்க்கப்பட்டன. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த பேச்சுவார்த்தை முறிந்தது. மூன்றாம் கட்டப் போர் தொடங்கியது. கப்பலில் வந்தவர்களில் எத்தனையோ குடும்பங்கள் மறுபடி வள்ளம் தேடின.

சம்பூரின் கதை இதன் உச்சம். 2006 ஏப்ரல் 25-இல் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்த அன்று மாலையே மூதூர் கிழக்கில் விமானக் குண்டும் ஷெல்லும் விழத் தொடங்கின. விடுதலைப் புலிகள் அப்போது சம்பூரில் இருந்தார்கள். அங்கிருந்து அடித்தால் ஷெல் துறைமுக வாய்க்குள் விழும். படைத்தரப்புக்கு அந்த ஊர் வேண்டியிருந்ததன் காரணம் இவ்வளவுதான். 2006 செப்டம்பர் 4-இல் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம், சூடைக்குடா, இளக்கந்தை என்று ஊர் ஊராகச் சனம் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடியது. பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சொந்த ஊர் சில கிலோமீற்றர் தூரத்தில். போக முடியாது.

ஊர் பிடிபட்ட நான்காம் மாதமே, 2006 டிசம்பரில், அங்கே 500 மெகாவாட் அனல் மின் நிலையம் கட்ட இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் ஒப்பந்தம் செய்தன. சனம் அப்போது கூடாரத்தில் இருந்தது. 2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் அதியுயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. 2012-இல் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்ட பிறகு. முதலில் பாதுகாப்பு என்றார்கள், பிறகு மின்சாரம் என்றார்கள், அதன்பின் கைத்தொழில் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். காணிக்காரரைக் கேட்கவில்லை என்பதற்கு நியாயம் சொல்ல முடியாது.

முகாம்காரர்கள் விடவில்லை. மாற்றுக் காணி தருகிறோம் என்றபோது பெரும்பாலானவர்கள் மறுத்தார்கள். தாய்மார் வீதியில் உட்கார்ந்தார்கள். 2015-இல் ஆட்சி மாறியதும் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 818 ஏக்கரையும் விடுவித்தார். காணியைப் பெற்றிருந்த முதலீட்டு நிறுவனம் நீதிமன்றம் போய் அது சில மாதம் தடைபட்டு, ஆகஸ்டில் சனம் உள்ளே போனது. கடற்படை முகாம் நின்ற காணியும் 2016 மார்ச்சில் விடுபட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சம்பூரில் அனல் மின் நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சொன்னது. சாதாரண சனம் பத்து ஆண்டு பொறுத்து நின்று வென்ற வழக்கு இது. நம் பத்திரிகைகளில் இதற்குக் கிடைத்த இடம் போதாது என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் மின் நிலையத்துக்கென எடுத்த நிலம் திரும்பி வரவில்லை. 2025 ஏப்ரல் 5-இல் அங்கே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் தொடக்க விழாவை இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தபடி நடத்தினார்கள். திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் உடன்பாடு செய்ததும் அந்தப் பயணத்தில்தான்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நிலக்கரிப் புகைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் புதிய வரைபடம் ஒன்று விரிக்கப்படுகிறது, அதிலும் குடாதான் பெரிதாகத் தெரிகிறது. இந்த முறையாவது கரையில் இருப்பவரை அழைத்து மேசையில் இருத்திப் பேசுங்கள் என்று கேட்கிறேன்.

பாதிக்கப்பட்டவர் தமிழர் மட்டும் என்று எழுதினால் அது பொய்யாகும். 2006 ஆகஸ்டில் மூதூர் நகரத்து முஸ்லிம்கள் பல்லாயிரம் பேர் ஷெல்லுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே கந்தளாய்க்கு நடந்தார்கள். சேருவில, கல்லாறுப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரும் வயலை விட்டு ஓடினார்கள். மாவட்டத்தின் வட எல்லையில் தென்னைமரவடித் தமிழர்கள் 1984 டிசம்பரில் துரத்தப்பட்டுக் கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் காலடி வைத்தார்கள். ஒருவருடைய கிழக்கெல்லையில் இன்னொருவர் இருந்த மாவட்டம் இது. ஓர் இனம் மட்டும் திரும்பி மற்றது திரும்பாவிட்டால் இங்கே எந்த உறுதியும் முழுமையாகாது.

திரும்பியவர் கண்ட மாற்றங்களில் நல்லதும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆறு கடக்க உதவும் மிதவைக்குப் 'பாதை' என்று பேர். முன்பெல்லாம் திருகோணமலையிலிருந்து மூதூர் போக லாஞ்சில் குடாவைக் கடக்க வேண்டும், தரை வழியென்றால் துறைக்குத் துறை பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். பாதை வராவிட்டால் பிரசவக்காரி கரையிலேயே பிள்ளை பெறுவாள். 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்றத் துறைகளுக்கும் அடுத்தடுத்துப் பாலம் வந்தது. பெரியவர் கிண்ணியாப் பாலத்தில் முதன்முதல் பஸ்சில் போனபோது, எழும்பி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்தாராம். பாதைக்காரருடைய சத்தம் இல்லாமல் அந்த ஆற்றைக் கடந்தது அவருக்கு ஏதோ போல இருந்ததாம்.

மகளுக்கு வேறு கஷ்டம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். இங்கே ஓ.எல். சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். முகாமில் இருந்தபோது அவள் பேச்சைக் கேட்டுச் சிலோன்காரி என்றார்கள், இங்கே கிணற்றடியில் இந்தியாக்காரி என்றார்கள். அவள் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகரகத்தில் பதிந்து குடியுரிமை எடுத்திருந்ததால் அடையாள அட்டை கிடைத்தது. அந்தப் பதிவு இல்லாமல் வந்த பிள்ளைகள் ஒரு கையெழுத்துக்காகக் கிராம சேவகர் வீட்டுக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொழும்புக்கும் அலைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் திரும்புகிறவரின் தலைவிதி அங்கேதான் இருக்கிறது. இலங்கையின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி ஒருவர் பிறத்தியாரின் காணியைத் தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டால் அதற்கு உரிமை கோரலாம். இருபது ஆண்டுகள் முகாமில் கிடந்தவருக்கு இதன் பொருள் என்ன? போகவே முடியாத காணியை அவர் கைவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 2016-இல் பாராளுமன்றம் 5ஆம் இலக்கச் சட்டத்தால் இதைத் திருத்தியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவர் விஷயத்தில் அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. நல்ல சட்டம். இதைப் பற்றி முகாம்களில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? பெர்மிட் காணிக்காரர் நிலை இன்னும் மோசம். அரச காணியில் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. செய்யாதவருக்கு அனுமதிப்பத்திரம் ரத்தாகலாம். ஷெல்லுக்குப் பயந்து ஓடியவர் எப்படிப் பயிர் செய்வார்?

2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுடைமை என்ற பொருளில் ஒரு வர்த்தமானி வந்தது. முகாமிலும் வெளிநாட்டிலும் இருக்கும் காணிக்காரர் மூன்று மாதத்தில் எந்தக் கந்தோருக்குப் போவார்? உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் அதை மீளப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம், தமிழ்நாட்டிலிருந்து ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் ஏற்பாட்டில் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். குற்றம், அன்று அனுமதி பெற்ற துறைமுகம் வழியாக நாட்டை விட்டுப் போகவில்லை என்பது. நடு இராத்திரியில் வள்ளமேறி உயிர் தப்பியவரைப் பார்த்து, எந்தத் துறைமுகத்தில் முத்திரை குத்தினாய் என்று கேட்கும் சட்டம் அது. சட்டத்தை மாற்றுவோம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் முடிகிற வேலை. 1983-க்கும் 2009-க்கும் இடையில் அகதியாகப் போனவர் திரும்பும்போது அது குற்றமில்லை என்று எழுதினால் போதும்.

எல்லோரும் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2022-இல் இங்கே அரிசிக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, கரையை விட்டுத் தனுஷ்கோடிப் பக்கம் மறுபடி வள்ளமேறியவர்களை யார் குறை சொல்வது? அங்கே வேரூன்றியவருக்கு அங்கே குடியுரிமை கொடுக்கட்டும், அதுதான் நீதி. ஆனால் திரும்ப விரும்புகிறவருக்கு அவருடைய வளவு இருக்க வேண்டும். அயலவரும் வேண்டும். அதற்கு ஊர் ஊராகப் பெயரெழுதி, யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எது காணி என்று ஒரு முழுக் கணக்கை அரசு இன்னும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும். அதுவரை அந்த வேலை நம் வீடுகளில்தான் நடக்க முடியும்.

பெரியவர் கடைசியில் எல்லை போட்டார். தெற்கே அண்ணன் குடும்பம் மறு ஆண்டு முகாமிலிருந்து வந்தது. அண்ணி ஒரு பழைய புளியமரத்தின் அடிக்கட்டையைக் காட்டி, "இதுக்கு இஞ்சால எங்கட, அங்கால உங்கட" என்றாளாம். அதை வைத்துக் கதியால் நட்டு வேலி அடைத்தார்கள். கிணற்றைத் தூர்வாரினார்கள். முதலில் உவராக வந்த தண்ணீர் இரண்டு மாரி கழிந்து நல்ல தண்ணீராயிற்று. கிழக்குப் பக்கம் இன்னும் பற்றைதான்.

இதை வாசிக்கும் உங்களில் ஒருவர் மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் பழைய உறுதி இருந்தால் இன்றே பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பதிந்த பிரதியைத் தேடிப் பாருங்கள். அதற்கு முன் ஒரு வேலை. அம்மா உயிரோடு இருந்தால் இந்தக் கிழமையே அவர் பக்கத்தில் கொப்பியும் பேனாவுமாக இருங்கள். வளவுக்கு வடக்கே யார், கிழக்கே யார், தெற்கே யார், மேற்கே யார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதித் தேதி போட்டு வையுங்கள்.